சோடாக் கட்டையும் திருகு மூடியும்

சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் நம் வீடுகளுக்குள்ளும் கடைத்தெருக்களுக்குள்ளும் ஒவ்வொன்றாய் வந்து புகுந்த மூடிகளின் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையோடு ஆராய்கிறவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படாமற்போகாது. கோலி சோடா வந்தபோது, கோலியை அமுக்கும் மரக்கட்டையும் அதன் கூடவே வந்தது. தகர மூடியிட்ட கலர் பாட்டில் வந்தபோது, அந்த மூடியின் பல்லைப் பற்றி நெம்பும் ஓப்பனர் இரண்டொரு வருஷத்துக்குள் அதைப் பின்தொடர்ந்தது. தகர டப்பாவுக்கு ஏற்ற கத்தி வெகுகாலம் தாமதித்தாலும் முடிவில் வந்தே சேர்ந்தது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட அதிகமாய்ப் பெருகி, ஊறுகாய், ஜாம், தேன், நன்னாரி சர்பத், இருமல் மருந்து என்று எதை வாங்கினாலும் அதன் தலைமேல் உட்கார்ந்து வருகிற திருகு மூடிக்கு மட்டும் தனக்கென்று ஒரு துணைக்கருவி நம் சமையலறைகளில் இன்றுவரை வாய்க்கவில்லை. அதைத் திறப்பது கையின் கடமை என்று தயாரிப்பவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். யாருடைய கை, எத்தனை வயதுக் கை என்று விசாரிக்க அவர்களுக்கு அவகாசம் இருந்ததாகத் தெரியவில்லை.

பழைய சமையலறைக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. நத்தம் பக்கத்துத் தோப்புகளிலிருந்தும் அழகர்மலை அடிவாரத்திலிருந்தும் மாசி, பங்குனி மாதங்களில் கூடை கூடையாய் வந்திறங்கும் மாவடுவைக் கல்லுப்பும் விளக்கெண்ணெயும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊறப்போட்ட பாட்டிமார்கள், ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் மூடிக் கழுத்தில் நூலைச் சுற்றி வேடு கட்டிவைத்தார்கள். துணி காற்றைத் தாராளமாய் உள்ளே விட்டு வெளியே வாங்கிக்கொண்டிருந்தபடியால் ஜாடிக்குள் அழுத்தம் குறைவதற்கோ கூடுவதற்கோ இடமே இல்லை. முடிச்சின் நுனியை இழுத்தால் வேடு அவிழ்ந்துவிடும். மானாமதுரைப் பானைக்கு மேலே ஒரு மண்தட்டு, எண்ணெய்ப் புட்டிக்கு ஒரு தக்கை அல்லது சுருட்டிய துணி, அவ்வளவுதான். மூடியோடு மல்லுக்கு நிற்கவேண்டிய பாத்திரம் என்று பார்த்தால், பட்சணம் போட்டு வைக்கும் பித்தளைச் சம்புடம் ஒன்றைத்தான் சொல்லலாம். அந்த ஏற்பாட்டில் குறை இல்லாமல் இல்லை: எறும்பு வரும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும், ஈரக்கை பட்டுவிட்டால் ஒரு வருஷத்து உழைப்பு ஒரு வாரத்தில் வீணாகும். இறுக்கமான மூடியை நம் வீடுகள் ஆசையோடு வரவேற்றதற்கு நியாயமான காரணம் இருந்தது.

மூடியும் அதைத் திறக்கும் கருவியும் ஒன்றுக்கொன்று பொருந்தி அமைந்ததற்கு உத்தமமான உதாரணம் வேண்டுமானால், கத்திரி வெயிலில் மதுரையின் மாசி வீதி எதிலாவது ஒரு சோடாக் கடையின் முன்னே ஐந்து நிமிஷம் நின்றால் போதும். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் லண்டனை அடுத்த காம்பர்வெல்லில் இருந்துகொண்டு செய்த ஆராய்ச்சியின் பயனாக 1872-ல் உரிமம் பெற்ற அந்தப் புட்டி, தன் தாயகத்தில் பொருட்காட்சிச் சாலைக்குப் போய்விட்ட பிறகும், தமிழ்நாட்டுக் கடைகளிலும் ஜப்பானியச் சிறுவர்கள் விரும்பிக் குடிக்கும் ராமுனே பானத்திலும் இன்னும் உயிரோடிருக்கிறது. தடித்த கண்ணாடிக் கழுத்தை நடுவில் இடுக்கி, இடுக்குக்கு மேலே ஒரு கோலியைச் சிறைவைத்து, வாயின் உட்புறப் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையத்தைப் பதித்து, புட்டியைத் தலைகீழாய்ப் பிடித்தபடியே சோடாவை நிரப்பினால், கோலி தானாகவே வாய்ப்பக்கம் உருண்டு வந்து நிற்க, உள்ளேயிருக்கும் வாயு அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்தி வாயை அடைத்துக்கொள்ளுகிறது. அடைப்பதற்கு வெளியிலிருந்து தக்கையோ தகரமோ கம்பியோ எதுவும் வேண்டியதில்லை. எந்த வாயு தப்பிப் போகப் பார்க்கிறதோ அந்த வாயுவே காவற்காரனாகவும் இருக்கிறது.

இந்த அடைப்பைத் திறக்க எவ்வளவு பலம் தேவை என்று கணக்கிட்டுப் பார்த்தால்தான் கட்டையின் அருமை விளங்கும். கோலி உட்கார்ந்திருக்கும் வாயின் விட்டம் ஒன்றேகால் சென்டிமீட்டர் என்றும், உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ கூடுதல் என்றும் வைத்துக்கொண்டால், கோலியைக் கீழே தள்ள ஏறக்குறைய 4 கிலோ எடையின் அழுத்தம் வேண்டும். இது பெரிய பாரம் அல்லவென்றாலும், அதை ஒரு விரல் நுனியில் தாங்குவது நாள் முழுதும் நூற்றுக்கணக்கான புட்டிகளைத் திறக்கிறவனுக்கு இயலாத காரியம். ஆதலால் நடுவில் ஒரு முளையும் அதைச் சுற்றி அகன்ற தலையுமாகக் கடைந்த ஒரு சிறு மரக்கட்டை உண்டாயிற்று. முளை கோலியைத் தள்ள, அகன்ற தலை அந்த எதிர்ப்பை உள்ளங்கை முழுவதற்கும் பகிர்ந்து கொடுக்கிறது. உள்ளங்கையால் ஒரு தட்டு, விசுக்கென்று ஒரு சத்தம், நுரை பொங்குவதற்குள் புட்டி வாடிக்கைக்காரர் கைக்கு மாறிவிடுகிறது. கடையில் இருப்பவர் பதினைந்து வயதுப் பையனானாலும் எழுபது வயதுப் பெரியவரானாலும், சோடா உடைப்பதில் கருவியின் உபகாரத்தால் இருவருக்கும் பேதமே தெரியாது. குடிக்கும்போது கோலி மறுபடியும் வாயை அடைத்துக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு குழிகள் வைத்து, அப்பக்கத்தைக் கீழே சாய்த்துக் குடிக்கும்படி செய்ததில் காட் துரையின் முன்யோசனையைப் பாராட்டாமல் இருக்கமுடியாது. முதன்முறையாகக் குடிக்கிற வெளியூர்க்காரர்கள் புட்டியைத் தப்பான பக்கம் சாய்த்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்துச் சிரிப்பது நம் ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கும் செலவில்லாத சந்தோஷங்களில் ஒன்று.

விருதுநகரில் 1916-ல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் போன்ற சோடாக் கம்பெனிகளும், மதுரையின் மாப்பிள்ளை விநாயகர் சோடாவும் இந்தப் பக்கத்து ஜனங்களின் தாகத்தைத் தீர்த்த காலத்தில், கோலிப் புட்டிக்குப் போட்டியாகத் தகர மூடி வந்தது. பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயிண்டர் 1892-ல் உரிமம் பெற்ற அந்த மூடிக்கு ஆரம்பத்தில் 24 பற்கள், இப்போது 21. இரண்டே வருஷத்தில், அதாவது 1894-ல், அதைத் திறக்கும் நெம்புகோலுக்கும் அவரே உரிமம் பெற்றார் என்பதைக் கவனிக்கவேண்டும். பூட்டைச் செய்தவனே சாவியையும் செய்து கொடுத்தான். பெட்டிக்கடைச் சட்டத்தில் ஆணியடித்து வைத்த ஓப்பனரோ, சணலில் கட்டித் தொங்கவிட்ட ஓப்பனரோ இல்லாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது.

தகர டப்பாவின் கதை வேறு. இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் அதற்கு உரிமம் பெற்றது 1810-ல். அதைத் திறப்பதற்கென்றே ராபர்ட் யேட்ஸ் என்பவர் அங்கே கத்தி செய்தது 1855-ல். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் உரிமம் பெற்றது 1858-ல். இடையில் கழிந்த நாற்பத்தைந்து வருஷமும் போர்வீரர்கள் துப்பாக்கிச் சனியனாலும், மற்றவர்கள் உளியும் சுத்தியலும் கொண்டும் டப்பாக்களை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். உலகம் முழுவதும் சேர்ந்து அரை நூற்றாண்டு ஒரு சிறு கருவியைப் பற்றி நினைக்காமலே இருந்துவிடக்கூடும் என்பதற்கு இது போதுமான சாட்சியம்.

அதே 1858-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதிதான் நியூயார்க்கில் ஜான் லாண்டிஸ் மேசன் என்ற இருபத்தாறு வயதுத் தகரவேலைக்காரர், கண்ணாடி ஜாடியின் வாயிலேயே மரை வார்த்து, துத்தநாக மூடியைத் திருகிப் பொருத்தும் முறைக்கு உரிமம் வாங்கினார். அதுவரை மெழுகு உருக்கி ஊற்றி அடைத்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது மகத்தான சௌகரியம். மேசன் பிற்பாடு ஏழையாகவே 1902-ல் இறந்தார்; அவருடைய மரையோ உலகமெல்லாம் பரவிற்று. நம் பக்கத்தில் அது குடியேறியது பெரும்பாலும் ஹார்லிக்ஸ் புட்டியின் உருவத்தில் என்று சொன்னால் பிழையாகாது. அமெரிக்காவில் 1873-ல் இரண்டு ஆங்கிலேயச் சகோதரர்கள் ஆரம்பித்த அந்தத் தொழில், 1960 வாக்கில் பஞ்சாப் மாகாணத்து நாபாவில் இந்தியத் தயாரிப்பாகத் தொடங்கிய பின்பு, காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் என்று வாங்கிய மாவு தீர்ந்து, காலிப் புட்டி கடுகுக்கும் பருப்புக்கும் எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கும் உரிய நிரந்தரப் பாத்திரமாய் அலமாரியில் நின்றுவிட்டது. மருந்துக்காக வந்தவள் மாட்டுப்பெண்ணாகிவிட்ட கதைதான்.

இனி, மூடி ஏன் இறுகுகிறது என்ற விசாரணை. கடையிலிருந்து புதிதாய் வரும் ஜாம், ஊறுகாய்ப் புட்டிகளில் முதற்குற்றவாளி காற்று. பண்டத்தைச் சூடாக நிரப்பியோ, மூடும் தருணத்தில் நீராவியைப் பாய்ச்சியோ அடைக்கிறார்கள். ஆறியவுடன் ஆவி நீராகிச் சுருங்க, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று மூடியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வெளிக்காற்றின் எடை சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். உள்ளே பாதி வெற்றிடம் இருந்தாலே 19 கிலோ எடை, அதாவது முக்கால் மூட்டை அரிசிக்குச் சமமான பாரம், அந்த மூடியின் தலைமேல் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாரம் மூடியின் உள்விளிம்பிலிருக்கும் மிருதுவான பூச்சைக் கண்ணாடி விளிம்போடு அழுத்திப் பிடிக்க, நாம் அதை நழுவவிடாமல் பிடித்துத் திருகவேண்டியிருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ரசத்தை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி மூடி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கே பசித்திருக்கிறவர் எதிரில் மூடியைத் திறக்கமுடியாமல் விழித்தவர்களுக்கு இந்தச் சாஸ்திரம் புதிதல்ல. மரையே இல்லாத அந்த மூடியையும் காற்று பிடித்துக்கொள்ளுகிறது. தூக்கின் அடிப்பாகத்தைச் சிறிது வெந்நீரில் வைத்தால், உள்ளே அழுத்தம் ஏறித் தானே விட்டுவிடும்.

திறந்து பலநாள் பழகிய புட்டியில் குற்றவாளி வேறு. தேனும் நன்னாரி சர்பத்தும் ஊற்றும்போது விளிம்பில் வழிந்து, மரைக்குள் இறங்கி, உலர்ந்து, கல்கண்டாய் இறுகுகின்றன. ஊறுகாயில் உப்பும் புளிப்பும் சேர்ந்து இரும்பு மூடியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு பருத்து மரையின் இடைவெளியை நிரப்பிவிடுகிறது. இவற்றைக் காட்டிலும் பெரிய குற்றவாளி, மூடினவர். எறும்புக்குப் பயந்தோ, கோபத்திலோ, வெறும் வழக்கத்தினாலோ வீட்டில் எவரோ ஒரு பலசாலி முழுக்கையின் பலத்தையும் பிரயோகித்து மூடிவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் திறக்கவேண்டியவர் வேறொருவர்.

குடும்பங்களில் பரம்பரையாக வழங்கும் உபாயங்களைப் பற்றி எனக்குச் சில திடமான அபிப்பிராயங்கள் உண்டு. கதவிடுக்கில் மூடியை மாட்டித் திருகுவது கதவுக்கும் புட்டிக்கும் கைக்கும் ஏககாலத்தில் ஆபத்து. பல்லால் கடித்துத் திறப்பதைப் பற்றிப் பேசுவதே வீண். கரண்டிக் காம்பால் மூடியின் விளிம்பைச் சுற்றித் தட்டுவது உலர்ந்த பாகைப் பிளப்பதற்கு உதவுமாதலால் பழைய தேன்புட்டிக்குப் பொருந்தும். காற்றால் இறுகிய புதுப்புட்டிக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. வெந்நீரின் பெருமையைச் சிலர் உலோகம் விரிவதால் வருவது என்று விளக்குவார்கள். கணக்குப் போட்டால் அந்த விளக்கம் இரும்பு மூடிக்கு அவ்வளவாக நிற்காது: 7 சென்டிமீட்டர் மூடி 50 டிகிரி சூடேறினாலும், அதே சூடேறிய கண்ணாடியைவிட அது கூடுதலாய் விரிவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அலுமினியமானால் அதைப்போல் ஐந்து மடங்கு. பிளாஸ்டிக்கானால் இன்னும் பன்மடங்கு. வெந்நீர் உண்மையில் செய்யும் உபகாரம், மரையிலிருக்கும் பாகைக் கரைப்பதும், உள்விளிம்புப் பூச்சை இளக்குவதும், உள்ளேயிருக்கும் காற்றைச் சூடாக்கி வெளிக்காற்றுக்கு எதிராக அதைத் தூண்டிவிடுவதுமே. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடியைக் கொதிநீரில் இறக்கினால் அது விரிசல் விடும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது.

இடுக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவதற்கென்று பிறந்த அதைக் கொண்டு மூடியைக் கடிக்கச் செய்வது நம் சமையலறைகளில் சர்வசாதாரணம். அது இரண்டே இடத்தில் பற்றுவதால் மெல்லிய மூடி நசுங்கி நீள்வட்டமாகி, முன்னைவிட அதிகமாய் இறுகுகிறது. முந்தானையை மூடியின்மேல் போட்டுத் திருகும் பெண்கள் அதைக்காட்டிலும் சரியான வழியில் இருக்கிறார்கள். ஏனெனில் வழுக்கும் கையின் பலத்தில் பெரும்பகுதி மூடியைத் திருகுவதில் செலவாகாமல், அதை நழுவவிடாமல் பிசைவதிலேயே செலவாகிவிடுகிறது. பிடிப்பு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. துணியைவிட ரப்பர் உத்தமம். சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட டியூபிலிருந்து ஒரு சாண் துண்டை வாங்கி, நீளவாட்டில் கிழித்துக் கழுவி வைத்துக்கொண்டால், மேல்நாட்டுக் கடைகளில் அழகான அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிற ரப்பர்ப் பிடிப்பான் செய்கிற காரியத்தை அது அப்படியே செய்யும்.

இதற்கு அடுத்த படியிலிருக்கும் கருவி, மதுரைக்கு எவ்வளவோ காலமாய்ப் பழக்கமானது. ஆனால் சமையலறைக்குள் அது நுழையவில்லை. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் மதுரைக்கும் தேவகோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய நாள்முதல் மோட்டார்த் தொழிலும், அதையொட்டி ரப்பர் வேலையும், டயர் புதுப்பிக்கும் பட்டறைகளும் வேரூன்றிய ஊர் இது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சுவரில் மாட்டியிருக்கும் கருவிகளுக்கிடையே, ஒரு கைப்பிடியும் அதன் நுனியில் வளைந்து தொங்கும் பட்டையுமாக ஒரு பெல்ட் ஸ்பேனர் இருக்கும். எஞ்சினின் ஆயில் ஃபில்டர், உருண்டையாய், மொழுமொழுவென்று, எண்ணெய் பூசி, எவனோ ஒருவன் முழுப்பலத்தோடு இறுக்கிவைத்த ஒரு டப்பா. ஒருவிதத்தில் பார்த்தால் அது ஜாம் புட்டியின் உடன்பிறப்பே. மெக்கானிக் தன் புஜபலத்தை அதன்மேல் பரீட்சித்துப் பார்ப்பதில்லை. பட்டையை அதைச் சுற்றிப் போட்டுக் கைப்பிடியை இழுக்கிறான். இழுக்க இழுக்கப் பட்டை இன்னும் இறுகிப் பற்றுகிறது; அது சுற்றளவு முழுவதும் சமமாய்ப் பற்றுவதால் டப்பா நசுங்குவதுமில்லை. மூன்றரை சென்டிமீட்டர் ஆரமுள்ள மூடியை வெறுங்கையால் திருகுவதற்கும், பதினேழு சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியால் திருகுவதற்கும் ஐந்து மடங்கு வித்தியாசம் உண்டு. சமையலறைக்கென்று சிறிய அளவில், ரப்பர்ப் பட்டையோடு இதே கருவியை இப்போது செய்கிறார்கள். மூடிகள் விதவிதமான அளவுகளில் இருக்கிற வீட்டுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை என்பது என் துணிபு.

மற்றவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். அலமாரித் தட்டின் அடியில் திருகாணியால் பொருத்திவைக்கும் பல்லுள்ள இரும்புத் தகடு ஒன்று இருக்கிறது. ஆப்பு வடிவத்தில் குறுகிக்கொண்டே போகும் அதன் வாயில் மூடியைச் செருகி, புட்டியையே திருப்பவேண்டும். ஒரு கை மட்டுமே வசமாய் உள்ளவர்களும் அதைப் பிரயோகிக்கலாம் என்பது அதன் விசேஷம். டென்மார்க்கிலிருந்து வந்த இன்னொரு சிறு நெம்புகோல், மூடியைத் திருகவே முயலாமல், அதன் விளிம்பை ஓரிடத்தில் இம்மியளவு தூக்கிக் காற்றை உள்ளே விட்டுவிடுகிறது. டப்பென்று ஒரு சத்தம் கேட்டால், அந்தப் பத்தொன்பது கிலோ பாரமும் அக்கணமே இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். கருவி கைவசம் இல்லாதவர்கள் கரண்டியின் காம்பால் இதையே செய்யலாம். ஆனால் மரை முழுச்சுற்றாக இல்லாமல் நாலைந்து பிடிகள் மட்டுமே உள்ள உலோக மூடிக்குத்தான் இது செல்லும். கத்தியை உபயோகிக்கவே கூடாது. பழனிப் பஞ்சாமிர்தமும் குழந்தைகளுக்கான மாவும் வருகிற, அமுக்கி மூடும் டப்பாக்களில் ஸ்பூனின் வால் வளைந்துபோகும்வரை நெம்புகிறோமே, அங்கேயும் ஒரே இடத்தில் நெம்பாமல் நான்கு பக்கமும் சிறிது சிறிதாய்த் தூக்கிக்கொண்டு வந்தால் ஸ்பூனும் பிழைக்கும், டப்பாவின் வாயும் கோணாது.

கருவி என்பது கைக்கு இறங்கிவரவேண்டும் என்ற தத்துவத்துக்கு மதுரையைப்போல் சாட்சி சொல்லக்கூடிய நகரம் இந்தியாவில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகமாயிருக்கிறது. 1918-ல் எட்டயபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து, பிரசவ வைத்தியத்தில் தேர்ச்சி பெற எண்ணியிருந்த கோவிந்தப்ப வேங்கடசாமிக்கு முப்பது வயதிலேயே கடுமையான முடக்குவாதம் வந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்தபோது விரல்கள் நிரந்தரமாய்க் கோணிப்போயிருந்தன. பேனாவைப் பிடிப்பதே பிரயாசையாய் இருந்தது. பிரசவ வைத்தியத்தை விட்டுக் கண் வைத்தியத்துக்கு மாறிய அவர், கோணிய விரல்களுக்கு ஏற்றபடி அமைத்த கருவிகளைக் கொண்டு, கத்தியைப் பிடிப்பதை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொண்டார். அந்த விரல்களால் ஒரே நாளில் நூறு கண்புரை அறுவைகள்வரை செய்தார். வாழ்நாளில் செய்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அவர் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று எந்நிலையில் இருக்கிறது என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் 2006-ல் காலமானார்.

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாய்ப் பீடிக்கிறது என்பது வைத்தியர்கள் அறிந்த செய்தி. அது இல்லாவிட்டாலும், பொதுவாகப் பெண்களின் கைப்பிடி வலு ஆண்களுடையதைவிடக் குறைவு; ஐம்பது, அறுபது வயதுக்குமேல் இருசாராருக்கும் அது வருஷாவருஷம் தேய்கிறது. ஆகவே, ஒரு வீட்டின் மூடிகளையெல்லாம் அதிகமாய்த் திறக்கிறவர் யாரோ, அவருக்கே திறக்கும் பலம் குறைவாயிருக்கிறது. பிள்ளைகள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்ட பிறகு, மதுரை அண்ணாநகரிலும் எல்லிஸ் நகரிலும் தனியே குடியிருக்கும் வயதான தம்பதிகள், ஊறுகாய்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பால்காரப் பையன் வருகைக்காகக் காத்திருப்பது வேடிக்கையான காட்சியல்ல. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற வியாபாரி, தம் மனைவிக்கு மூட்டுவாதத்தால் காய்கறித் தோல் சீவுவது சிரமமாயிருந்ததைக் கண்டு, பருத்த மிருதுவான பிடிகளோடு 1990-ல் கொண்டுவந்த சமையலறைக் கருவிகள், நோயாளிகளுக்கு மட்டுமின்றி எல்லோருக்கும் பிடித்துப்போய்ப் பெருவியாபாரமாயின. நம்முடைய பாத்திரத் தயாரிப்பாளர்கள் இதைக் கவனித்தால் நஷ்டப்படமாட்டார்கள்.

மருந்துப் புட்டியின் விஷயம் இன்னும் மோசம். கனடாவில் வின்ட்ஸர் நகரத்து ஹென்றி பிரோ என்ற வைத்தியர், குழந்தைகள் மாத்திரைகளை விழுங்கி ஆபத்துக்குள்ளாவதைத் தடுக்க, அமுக்கிக்கொண்டே திருகும் மூடியை 1967-ல் கொண்டுவரச் செய்தார். எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்த சாதனம் அது. ஆயினும் பேரனுக்குத் திறக்காத மூடி தாத்தாவுக்கும் திறக்கவில்லை. தாத்தா என்ன செய்தார்? மூடியைக் கழற்றித் திறந்தபடியே வைத்துவிட்டார். பேரனுக்குக் காரியம் சுலபமாயிற்று. அமெரிக்காவில் 1995-ல் விதியைத் திருத்தி, 50 முதல் 70 வயதுவரை உள்ளவர்களாலும் திறக்கமுடிகிறதா என்று மூடிகளைப் பரீட்சிக்கும்படி செய்தார்கள். நம் நாட்டு இருமல் மருந்துகளில் பெரும்பாலும் வருவது அலுமினிய மூடி. புட்டியில் வைத்து உருளைகளால் அழுத்தி மரை பதிக்கப்படும் அந்த மூடிக்குக் கீழே ஒரு முத்திரை வளையம் இருக்கும். இரண்டையும் இணைக்கும் சின்னஞ்சிறு பாலங்கள் அறுபட்டால்தான் மூடி கழலும். அறுபடாவிட்டால் மூடியும் வளையமும் ஒன்றாகவே சுற்றிக்கொண்டிருக்கும். அர்த்தராத்திரியில் இருமிக்கொண்டிருப்பவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு வேண்டாம். அச்சமயம் பலத்தைக் கூட்டுவதால் பயனில்லை. நகவெட்டியின் முனையால் அந்தப் பாலங்களை ஒவ்வொன்றாய்த் துண்டித்துவிட்டுத் திருகினால், மூடி இரண்டு விரலுக்கே வந்துவிடும்.

மதுரை வெண்கலக்கடைத் தெருவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும், தேங்காய்த் துருவி, இடியாப்ப உரல், முறுக்கு அச்சு, பணியாரக் குச்சி என்று நம் நாக்குக்குச் சேவை செய்யும் கருவிகளில் இல்லாதது இல்லை. முறுக்கு அச்சு ஒன்றுக்கே எத்தனை வகைத் தகடுகள்! பலகாரத்தின் வடிவத்துக்கு இவ்வளவு கவனம் செலுத்திய சமூகம், பலகாரம் செய்கிறவளின் மணிக்கட்டுக்காக ஒரு பட்டையையும் ஒரு பிடியையும் சேர்த்துக்கொடுக்க ஏன் தோன்றாமல் இருந்ததென்று யோசித்தால், மூடி திறக்காவிட்டால் ஆண்பிள்ளையைக் கூப்பிட்டால் போயிற்று என்ற பழைய ஏற்பாடு ஒன்றைத்தான் காரணமாய்ச் சொல்லமுடிகிறது. அந்த ஆண்பிள்ளைக்கும் வயதாகும் என்பதையோ, அவர் உத்தியோகத்துக்குப் போயிருக்கும் பத்து மணி நேரத்தையோ அந்த ஏற்பாடு கணக்கில் சேர்க்கவில்லை.

கருவி வாங்குகிற வரையில், மூடும்போதே செய்யக்கூடியவை சில உண்டு. தேனும் சர்பத்தும் ஊற்றியவுடன் விளிம்பையும் மரையையும் ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடைத்துவிடவேண்டும். எறும்புக்குத் தட்டில் தண்ணீர் வைத்து அதில் புட்டியை நிறுத்தினால் போதும், மூடியின்மேல் கோபத்தைக் காட்டவேண்டியதில்லை. கொதிக்கும் பண்டத்தை ஆவி அடங்குமுன் மூடக்கூடாது. ஊறுகாய்க்கு இரும்பு மூடி உதவாது. பிளாஸ்டிக் மூடியுள்ள புட்டிக்கு மாற்றிவிடுவதே நல்லது. இரும்பு மூடிதான் இருக்கிறதென்று சிலர் துருவுக்குப் பயந்து வாயின்மேல் ஒரு பாலித்தீன் தாளைப் பரப்பி அதன்மேல் மூடியைத் திருகுவார்கள். தாள் வைப்பது சரி. ஆனால் அதை வாயின் அளவுக்கு வட்டமாகக் கத்தரித்து வைக்கவேண்டும். மிச்சமுள்ள ஓரம் மரைக்குள் மடிந்து இறங்கிவிட்டால் அதுவே ஆப்பாகி, துருவைவிடக் கெட்டியாய் மூடியைப் பிடித்துக்கொள்ளும்.